ஒருமுறை தட்டினால் சுடலாம்

ஹோம்புஷ், சிட்னி
4 பெப்ரவரி 2024

அன்புள்ள தம்பி அனோஜனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் சாருகாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். உனக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்று போன கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சொல்லிவிட்டு வந்தேன். அன்று அங்கே அவ்வளவு சனம். சுவாமிக்குக் கேட்டதோ தெரியாது.

கையில் போன் இருக்கக் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பாய். உன் அத்தானின் பெயரை எடுத்தவுடன் உன்னுடைய போன் வெட்டுப்படுகிறது. கேட்டால் மலையில் சிக்னல் இல்லை என்கிறாய். மழையையும் சாப்பாட்டையும் பற்றிக் கதைக்கும்போது மட்டும் எங்கிருந்தோ சிக்னல் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தச் சாட்டு இல்லை. ஆறுதலாக இருந்து எழுது, ஆனால் எழுது.

மரண விசாரணை நீதிமன்றத்தில் இருந்து தபால் வந்திருக்கிறது. நவம்பரில் மெல்பனில் விசாரணை நடக்கும். போலீஸ் அறிக்கையின் பிரதியையும் வைத்திருந்தார்கள். வெட்டிய மானின் தலையைச் சுமந்து வருகிறவர் அதன் கொம்பில் செம்மஞ்சள் துணி கட்டவேண்டும் என்பது உங்கள் வேட்டைப் பயணக் கம்பனியின் விதியாம். உன் அத்தான் அதைக் கட்டவில்லையாம். துணி இவருடைய தோள்பைக்குள்ளேயே இருந்ததாம். பற்றைக்குள் கொம்பை மட்டும் கண்ட வேட்டைக்காரர் மான் என்று நினைத்து இவரைச் சுட்டுவிட்டார். ஆகவே இறந்தவரின் கவனக்குறைவுதான் முக்கிய காரணம் என்று முடித்திருக்கிறார்கள்.

கவனக்குறைவு. காஸ் அடுப்பை மூன்று தரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுகிற மனிதனுக்கு.

சாருகா என்னிடம் கேட்காமல் அதை எடுத்து வாசித்துவிட்டாள். "அப்படியென்றால் அப்பாவின் சொந்தப் பிழைதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அன்றிலிருந்து அப்பாவின் படம் இருக்கிற பக்கம் திரும்புவதில்லை. தகப்பனை இழந்த பிள்ளை அழலாம், இவள் கோபப்படுகிறாள். தன்னையும் என்னையும் யோசிக்காமல் கவனமில்லாமல் செத்துப்போனார் என்று நினைக்கிறாள். பதினாறு வயதில் தகப்பன்மேல் இப்படி ஒரு கோபத்தை வைத்துக்கொண்டால் அவள் அதைச் சாகும்வரை சுமப்பாள்.

நான் அங்கே வந்ததில்லை, உன் வேலை என்ன என்று இங்கே அன்ரிமார் கேட்டால் சொல்லவும் தெரியாது. எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். அன்று காலையில் இவர் துணி கட்ட மறந்தாரா? நீ பக்கத்தில் இருந்தாய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா நிரூபா


மலையடிவாரம், விக்ரோறியா
10 மார்ச் 2024

என் அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். உங்களுடைய முழங்கால் நோ எப்படி? முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதீர்கள்.

இப்போது வெயில் காலம், விருந்தாளிகள் குறைவு. குளிர் அறையைக் கழுவி, கொழுக்கிகளுக்கு எண்ணெய் பூசி, அரைக்கும் மெஷினின் தகடுகளை மாற்றினோம். என் வேலை என்ன என்று கேட்டிருந்தீர்கள். பெரிய வேட்டைக்கென்று பணம் கட்டி வருகிற விருந்தாளிகளை முதலாளி கிளென் மலைக்குள் அனுப்புவார். இங்கே சாம்பர் என்று சொல்வது நம் ஊர் மரைதான். குதிரை அளவு வரும். துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சுட்டால் ஆடும். அதற்கு மூன்று கால் வைத்த தாங்கி ஒன்று இருக்கிறது, நானும் அத்தானும் அதை முக்காலி என்போம். அதைச் சுமந்துபோய், விருந்தாளியின் தோள் உயரத்துக்கு நிறுத்தி, பின்னால் நின்று தூரக்கண்ணாடியால் பார்ப்பதுதான் என் வேலை. துப்பாக்கியை நான் தொடுவதில்லை.

அங்கே வாய் திறக்கக்கூடாது. மரைக்குக் காது கூர்மை. அதனால் விருந்தாளியின் தோளில் தட்டுவோம். இரண்டு தரம் தட்டினால் பொறு, ஒருமுறை தட்டினால் சுடலாம். தட்டாமல் ஒருவரும் சுடக்கூடாது. விழுந்த மரையை உரித்து, எலும்பு கழற்றி, பக்கெற் பண்ணுவது அத்தானின் பொறுப்பு. சிட்னியில் இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருசம் நின்ற கை அல்லவா. கிளென் அவரைப் போல ஒருவரைத் தான் கண்டதில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அந்தக் காலையைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று பனிப்புகார் கூட, அக்கா. எனக்குச் சரியாக நினைவில்லை.

சாருகாவை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தம்பி அனோஜன்


ஹோம்புஷ்
17 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் சுகம் அறிந்து ஆறுதல். என் முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நோவும் கூடவே இருக்கிறது.

கொழுக்கிக்கு எண்ணெய் பூசியதெல்லாம் நினைவிருக்கிறது, கேட்டது மட்டும் நினைவில்லை. புகார் காலையில் இருந்ததா, உன் தலைக்குள் இருக்கிறதா?

ஒன்று சொல்கிறேன், கேள். எங்கள் ஃபிரீசரில் முப்பத்தொரு பக்கெற் இருக்கிறது. போன வருசம் வேட்டைக் காலத்துக்கு அங்கே வேலைக்கு வந்திருந்த இவர், ஏப்ரலிலும் மேயிலும் உங்கள் கொட்டகையில் இருந்து அனுப்பியவை. ஒவ்வொன்றிலும் இவருடைய கையெழுத்து. "பின்தொடை, கறிக்கு." "கழுத்து, ஆறுதலாக அவிய விடு." "ஈரல், சாருகாவுக்குச் சொல்லாமல் கொடு." எனக்குச் சமைக்கவும் மனமில்லை, எறியவும் கையில்லை. ஐஸ்கிரீம் எடுக்கக் கதவைத் திறந்தால் இவர் எனக்குக் கட்டளை போட்டுக்கொண்டு நிற்கிறார். சில நாள் பதிலும் சொல்லிவிடுகிறேன். சாருகா அதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

இன்னொன்று. போலீஸ் திருப்பித் தந்த தோள்பையை நேற்றுத்தான் துணிந்து திறந்தேன். கத்தி துடைக்கிற துவாய் நாலாக மடித்தபடி இருந்தது. கையுறை சோடி சேர்த்து இருந்தது. அந்தச் செம்மஞ்சள் துணி மட்டும் உருட்டித் திணித்துக் கிடந்தது. கடையில் தருகிற பிளாஸ்ரிக் பையைக்கூட முக்கோணமாக மடித்து மேசை லாச்சிக்குள் வைக்கிறவர், துணியை உருட்டித் திணிப்பாரா? அதில் முடிச்சுப் போட்டு அவிழ்த்த சுருக்கமும் இருந்தது. கட்டாத துணியில் முடிச்சு எங்கே இருந்து வந்தது?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ சொல்லு.

சாப்பாட்டைக் கவனி. ஒரே பாணைத் தின்னாதே.

அக்கா


மலையடிவாரம்
2 மே 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்களும் சாருகாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கேயும் காலையில் குளிரும், மப்ளர் கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். என்னை மலைக்கு அனுப்பவேண்டாம் என்று கிளெனிடம் கேட்டேன். அவர் இறைச்சி வெட்டும் கொட்டகைக்கு மாற்றினார். இப்போது அத்தானுடைய மேசையில் நிற்கிறேன். அவருடைய ஏப்ரன் அங்கேயே தொங்குகிறது. நான் வேறொன்று வாங்கிக்கொண்டேன்.

மரையைத் தோலோடு குளிர் அறையில் ஒரு கிழமை தொங்கவிடவேண்டும், அவசரப்பட்டால் இறைச்சி செருப்புத் தோல் மாதிரி வரும் என்று அத்தான் சொல்வார். அப்படியே செய்கிறேன். ஆனால் அந்த அறைக்குள் தனியப் போகப் பிடிக்கவில்லை. பகல் பதினொரு மணிக்கு, வெளியே நல்ல வெயில் எறிக்கும்போதுதான் இது நடக்கிறது. கொழுக்கியில் மூன்று தொங்கும். எண்ணினால் நாலு வரும். திரும்ப எண்ணுவேன், திரும்பவும் நாலு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினால் மூன்று. கதவு திறந்தால் வெப்பநிலை மணி அடிக்கும், கிளென் வந்து கத்துவார். கத்தினாலும் பரவாயில்லை என்று திறந்துதான் வைக்கிறேன்.

எலும்பு கழற்றும்போது சில நேரம் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கிறது. நான் பிழையாக வெட்டப்போகும்போது அத்தான் அப்படித்தான் செருமுவார். திரும்பிப் பார்ப்பதில்லை. கத்தியைச் சரியான இடத்தில் வைத்தால் நின்றுவிடுகிறது.

போலீசுக்குச் சொன்னதைவிட என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, அக்கா. தயவுசெய்து கேட்காதீர்கள். சொசேஜ் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், நானே செய்தது.

தம்பி அனோஜன்


ஹோம்புஷ்
20 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னுடைய கடிதத்தை வாசித்த பிறகு நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. வைத்தியரிடம் போ. நித்திரை கொள்கிறாயா?

சொசேஜ் வந்தது. உப்புக் கூட, மிளகு போதாது. ஆனாலும் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இவருக்கு முதலாம் வருச ஆட்டைத் திவசம் வருகிறது. திதிப்படி ஜூன் பதினைந்தாம் திகதி, சனிக்கிழமை. ஐயர் வீட்டுக்கே வருகிறார். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, இவருடைய சகோதரர்கள் கனடாவில். பிண்டம் வைக்க யார் என்று ஐயர் கேட்டார். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இவர் உன்னை மச்சான் மாதிரியா வைத்திருந்தார்? நீ படகில் வந்து முகாமில் கிடந்தபோது ஒவ்வொரு மாதமும் கதவடியில் வந்து நின்றவர் அவர். உன் கையால் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி.

வா. துணியைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கமாட்டேன், சத்தியம். வந்து உன் அத்தானுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போ. பஸ்ஸில் வராதே, பிளேனில் வா. விமான நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன்.

அக்கா


ஹோம்புஷ்
14 ஜூலை 2024

அனோஜனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்று கிளென் போனில் சொன்னார்.

ஐயர் பத்து மணிவரை பொறுத்தார். பிறகு பக்கத்து ஃபிளாற் கல்யாணசுந்தரம் அங்கிளைக் கூப்பிட்டு இருத்தினோம். அந்த மனிதனுக்கு இவருடைய நட்சத்திரம்கூடத் தெரியாது. நான் பின்னால் நின்று சொல்லிக் கொடுத்தேன். நீ வராததற்கு ஒரு குறுஞ்செய்தியாவது போட்டிருக்கலாம்.

இதை எழுதாமல் விட்டிருப்பேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று சுட்ட விருந்தாளி எழுதியிருக்கிறார். கீத் என்று பெயர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எழுதவேண்டாம் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னாராம், அதையும் மீறி எழுதியிருக்கிறார். தான் இனித் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை என்றும், வீட்டில் மனைவி முதுகில் கை வைத்தாலும் திடுக்கிடுவதாகவும் சொல்கிறார். வயதான மனிதன். கோபத்தோடுதான் பிரித்தேன், கோபம் வரவில்லை.

அதில் இப்படி ஒரு இடம் வருகிறது. தமிழில் தருகிறேன்.

"உங்கள் சகோதரர் என்னோடு மிகவும் பொறுமையாக இருந்தார். தாங்கியின் ஒரு காலில் ரப்பர் கழன்றுபோய், கல்லில் பட்டபோதெல்லாம் சத்தம் போட்டது. நான் சலித்துக்கொண்டேன். உடனே அவர் ஒரு செம்மஞ்சள் துணியை அந்தக் காலில் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அன்று நான் சலித்துக்கொண்டு திரும்பிப் போயிருந்தால் உங்கள் கணவர் இன்று உயிரோடு இருப்பார் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்."

தம்பி, அது எந்தத் துணி?

நிரூபா


மலையடிவாரம்
22 ஜூலை 2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. எழுதுகிறேன். கொஞ்சம் நாள் தாருங்கள்.

அனோஜன்


மலையடிவாரம்
15 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீங்களும் சாருகாவும் நலமாக இருக்கவேண்டும். இதை ஏழு தரம் எழுதிக் கிழித்தேன். இந்த முறை திரும்பி வாசிக்காமல் தபாலில் போடப்போகிறேன்.

அது அத்தானின் துணி.

முதல்நாள் பின்னேரம் கீத் ஒரு பெரிய மரையை விழுத்தினார். இருட்டியதால் பாதி இறைச்சியையும் தலையையும் பள்ளத்தில் கட்டித் தொங்கவிட்டு வந்தோம். காலையில் அதை எடுக்க அத்தான் கீழ்ப் பாதையால் போகவேண்டும், நானும் கீத்தும் மேல் மலைக்குப் போகவேண்டும். வண்டியடியில் முக்காலியைத் தூக்கியபோது சத்தம் கேட்டது. கீத் முகத்தைச் சுளித்தார். அத்தானின் பையில் மடித்து வைத்த துணி கைக்குக் கிட்ட இருந்தது. எடுத்துக் கட்டினேன்.

அத்தான் பார்த்துவிட்டார். "டேய், அது எனக்கு வேணுமெல்லோ" என்றார்.

"நான் தான் மேல நிக்கிறன், அத்தான். இந்த மலையில வேற துவக்கு இல்லை. உங்களை ஆர் சுடப்போறது?" என்றேன்.

அவர் யோசித்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. விருந்தாளிக்கு முன்னால் என்னை அவமானப்படுத்தக்கூடாது என்று விட்டார். "சரி, நீ மேலதான் நிக்கவேணும், கீழ இறங்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா, அவர் மறக்கவில்லை. கேட்டார். நான்தான் கொடுக்கவில்லை.

எட்டரைக்குக் காற்று மாறியது. எங்கள் மணம் மேலே போகத் தொடங்கியது, இனி அங்கே ஒன்றும் வராது. அத்தான் வண்டியடிக்குப் போயிருப்பார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு கீத்தைக் கீழே கூட்டிவந்தேன். அத்தான் போயிருக்கவில்லை. இறைச்சி சுற்றிய துணி நனைந்துவிட்டது என்று வழியில் இறக்கி, வேறு துணி மாற்றிச் சுற்றியிருக்கிறார். வேறு யாராவது என்றால் நனைந்தபடியே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

பன்னச் செடிகளுக்கு மேலே கொம்பு அசைந்தது. புகாருக்குள் மண்ணிறத் தோல் தெரிந்தது. அத்தான் போட்டிருந்த செம்மஞ்சள் அங்கி முதுகுச் சுமைக்குள் மறைந்திருந்தது. முக்காலியை நிறுத்தினேன். கல்லில் சத்தமே வரவில்லை. கீத் என்னைப் பார்த்தார். நான் தூரக்கண்ணாடியால் இரண்டாம் தரம் பார்த்திருக்கவேண்டும். அவருடைய தோளில் ஒருமுறை தட்டினேன்.

இதுவரை நடந்ததை விபத்து என்று சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்தது விபத்து இல்லை. ரேடியோ எடுக்காததால் கீத் உதவி கூப்பிட மேட்டுக்கு ஓடினார். அத்தானின் உயிர் போன பிறகு நான் தனிய இருந்தேன். நிரந்தர விசாவுக்குப் போட்டு நாலு மாதம். போலீஸ் வரும், துணி முக்காலியில் இருப்பதைக் காணும், என்மேல் வழக்கு வரும், பதினொரு வருசம் காத்திருந்தது போய்த் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மட்டும்தான் மூளைக்குள் ஓடியது. முடிச்சை அவிழ்த்தேன். உருட்டி அத்தானின் பைக்குள் திணித்தேன். மடிக்கத் தோன்றவில்லை.

விசா கடந்த டிசம்பரில் வந்தது. உங்களுக்குச் சொல்லவில்லை.

திவசத்துக்கு மெல்பன் விமான நிலையம்வரை வந்தேன். அந்தக் கையால் அவருக்குப் பிண்டம் வைக்க முடியாது என்று திரும்பிவிட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கேட்கக்கூடாது என்றும் தெரியும்.

அனோஜன்


ஹோம்புஷ்
29 செப்ரெம்பர் 2024

அனோஜன்,

உன் கடிதத்தை நான் குசினிக் கதிரையில் இருந்து வாசித்தேன். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை. உனக்கு அது தெரியவேண்டும்.

துணியை எடுத்தது விளையாட்டுத்தனம். தட்டியது பிழை. இரண்டையும் நான் எப்படியாவது விழுங்கிவிடுவேன். ஆனால் செத்துக் கிடந்த மனிதனின் பையைத் திறந்து, உன் பிழையை அவருடைய பிழையாக உள்ளே வைத்து மூடினாயே. உன்னை முகாமில் இருந்து கூட்டிவந்து எங்கள் சோபாவில் படுக்க வைத்த மனிதன். நீ இங்கே இருந்திருந்தால் அடித்திருப்பேன். சாருகாவுக்கு அப்பாவைப் பிடிக்காமல் போகட்டும், எனக்கு விசா வரட்டும் என்று ஒன்றேகால் வருசம் இருந்திருக்கிறாய்.

சாருகாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. நேற்று அவளை இருத்தி முழுக்க வாசித்துக் காட்டினேன். விளங்காத இடத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். "அது எனக்கு வேணுமெல்லோ" என்று அப்பா கேட்ட இடத்தில் என்னை நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னாள். நாலு தரம் வாசிக்க வைத்தாள். பிறகு படம் இருக்கிற மேசைக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்துவிட்டாள். அழட்டும் என்று விட்டேன்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். அப்பா உடனே போனாரா, ஏதாவது சொன்னாரா? "போன பிறகு" என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் போகுமுன் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது. போலீசுக்கு நீ அதையும் சொல்லவில்லை.

நீ எழுதிய கடிதம் நீதிமன்றத்துக்குப் போகும். நான் அனுப்பலாம். நீயாகப் போய்ச் சொல்வதும் ஒன்று, நான் அனுப்பி அவர்கள் உன்னைத் தேடி வருவதும் ஒன்று. அக்டோபர் பதினைந்துவரை பொறுக்கிறேன்.

நிரூபா


மலையடிவாரம்
11 அக்டோபர் 2024

அக்கா,

உங்கள் சுகத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியாது. ஆனாலும் விசாரிக்கிறேன்.

திங்கட்கிழமை மெல்பனுக்குப் போய், கிளேட்டனில் ஒரு தமிழ் வழக்கறிஞரைப் பார்த்தேன். புதன்கிழமை அவரோடு போய்ப் போலீசில் எல்லாம் சொன்னேன். முக்காலியையும் கொடுத்தேன். கையெழுத்துப் போட மூன்று மணித்தியாலம் எடுத்தது. வழக்கு வரும், சிறைக்கும் போகலாம், விசாவுக்கும் என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியாது என்று வழக்கறிஞர் சொன்னார். வெளியே வந்ததும் பசித்தது. பல மாதத்துக்குப் பிறகு பசித்தது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

கிளென் என்னை வேலையால் நிறுத்திவிட்டார். நியாயம்தான். சாவியைக் கொடுக்குமுன் ஒருதரம் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எண்ணினேன். நாலு வந்தது. இனி மூன்று வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

சாருகா கேட்டதற்குப் பதில். அத்தான் அரை மணித்தியாலம் அளவில் இருந்தார். நான் ஓடிப்போனபோது முழங்காலில் இருந்தார், முதுகுச் சுமை இன்னும் மேலே இருந்தது. என்னைக் கண்டதும் முதலில், "இதை இறக்கி அந்தக் கல்லுக்கு மேல வை, இறைச்சியில மண் படப்போகுது" என்றார். நான் இறக்கினேன். கையால் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். நோகிறதா என்று கேட்டேன். "குளிருது" என்றார். என் ஜக்கெற்றைப் போர்த்திவிட்டேன்.

நான் அழுதுகொண்டு, "நான்தான் அத்தான் தட்டினனான்" என்று சொன்னேன். "தெரியும்" என்றார். கடைசியாகச் சொன்னது இதுதான்: "அக்காவுக்கு நீ ஒண்டும் சொல்லாதை. பயந்திடுவாள். பின்னேரம் நான் எடுத்துச் சொல்லுறன்."

தான் சாகப்போவது அவருக்குத் தெரியாது, அக்கா. பின்னேரம் உங்களுக்குப் போன் எடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

அவர் சொல்லவேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இவ்வளவு நாளும் இருந்தேன். அவர் சொன்னது அதற்கு இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அனோஜன்


ஹோம்புஷ்
27 அக்டோபர் 2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. வேலை போனால் அந்த அறையும் போயிருக்குமே.

சாருகாவுக்கு வாசித்தேன். இறைச்சியில் மண் படப்போகுது என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். "தட்ஸ் ஸோ டாட்" என்றாள், அப்பா என்றால் இப்படித்தான் என்று. அவள் அப்பாவை நினைத்துச் சிரித்து ஒன்றரை வருசம் ஆகப்போகிறது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அன்று பின்னேரம் நான் வேலையால் வந்து போனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு இவர் எடுப்பார். ஐந்தரைக்கு மணி அடித்தது, எடுத்தால் போலீஸ். இவர் சொல்ல வைத்திருந்ததைத்தான் இப்போது நீ சொல்லியிருக்கிறாய். பிந்திவிட்டது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

மன்னிப்பு என்று ஒன்று கேட்டிருந்தாய். அது இப்போது என்னிடம் இல்லை, தம்பி. இருக்கிறது என்று பொய் எழுத வரவில்லை. ஒருநாள் வந்தால் அன்றே உனக்கு எழுதுவேன். வராமலும் போகலாம்.

விசாரணைக்கு முதல்நாள் நானும் சாருகாவும் மெல்பனுக்கு வருகிறோம். கிளேட்டனில் நாகலட்சுமி அன்ரி வீட்டில் நிற்போம். நீயும் வா. அன்ரிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றும் கேட்கமாட்டா. நான் உன்னோடு கதைப்பேனோ தெரியாது, சோறு போடுவேன். அடுத்த நாள் வெறும் வயிற்றோடு அங்கே போகக்கூடாது.

உள்ளே உன் பெயரைக் கூப்பிட்டு, இறந்தவருக்கு நீ என்ன முறை என்று கேட்பார்கள். மச்சான் என்று சொல். பிறகு போலீசுக்குச் சொன்னதை எல்லாம் அங்கேயும் சொல். அவர் துணி கேட்டதைச் சத்தமாகச் சொல், சாருகாவுக்குக் கேட்கவேண்டும்.

நாங்கள் பின்வரிசையில் இருப்போம். சொல்லி முடிக்கும்வரை எங்களைத் திரும்பிப் பாராதே. பார்த்தால் நான் அழுதுவிடுவேன், நீயும் இடையில் நிறுத்திவிடுவாய்.

அக்கா